நீச்சல் அரங்கில் ஒரு செபம்

தேர்வுக் காலம் நெருங்கிவிட்டால் நம் பங்குக் கோவில்களில் எரியும் மெழுகுதிரிகளின் எண்ணிக்கை பெருகுவதைக் காண்கிறோம். மாதா கெபியின் முன் மாணவ மாணவியர் முழந்தாளிட்டிருப்பர். எழுதும் பேனாவை மந்திரித்துத் தருமாறு பங்குத்தந்தையிடம் நீட்டுவோரும் உண்டு. இவை யாவும் நல்லனவே. ஆயினும் மதிப்பெண் குறைந்துவிட்டால், "இவ்வளவு செபித்தும் கடவுள் கைவிட்டுவிட்டாரே!" என்ற மனத்தாங்கல் அதே இல்லங்களில் எழுவதையும் நாம் கேட்டிருக்கிறோம். செபத்திற்கும் வெற்றிக்கும் உள்ள உறவுதான் யாது? இவ்வினாவை மனத்திற்கொண்டு, நீச்சலில் உலகை வென்ற கத்தோலிக்க மங்கை ஒருவரின் வாழ்வை இத்திங்கள் நோக்குவோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த கேட்டி லெடெக்கி 1997ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள், அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பத்ரீசியாரின் திருநாளன்று, வாஷிங்டன் நகரில் பிறந்தார். 2012 முதல் 2024 வரை நடைபெற்ற நான்கு ஒலிம்பிக் விழாக்களில் 9 தங்கம், 4 வெள்ளி, 1 வெண்கலம் என 14 பதக்கங்களை அவர் வென்றுள்ளார். அவருக்கு முன் 9 ஒலிம்பிக் தங்கங்களை வென்ற பெண், சோவியத் நாட்டின் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை லரிசா லத்தினினா ஒருவரே.

இல்லமும் பங்கும்

வாஷிங்டனை அடுத்த பெத்தெஸ்டா என்னும் ஊரில் லெடெக்கி குடும்பம் வாழ்ந்தது. தந்தைவழிப் பாட்டனார் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து அமெரிக்காவிற்குக் குடியேறியவர். தாய்வழிப் பாட்டனார் ஒரு மருத்துவர். தாயார் தம் கல்லூரி நாள்களில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்திற்காக நீந்தியவர். ஆறு வயதுச் சிறுமியாய் இருந்தபோது, கேட்டி தன் அண்ணனுடன் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் கோடைக்கால நீச்சல் அணியில் சேர்ந்தாள். ஒலிம்பிக் கனவு எதுவும் அப்பொழுது அவ்வீட்டில் இல்லை. பிள்ளைகள் நண்பர்களோடு கூடி மகிழட்டும் என்பதே பெற்றோரின் விருப்பம்.

அக்குடும்பத்தின் பங்குக் கோவில் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளின் பெயரால் 'சிறுமலர் ஆலயம்' என வழங்குவது. அதனைச் சார்ந்த பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை பயின்ற கேட்டி, பின்னர் 'ஸ்டோன் ரிட்ஜ்' என்னும் திரு இருதயப் பெண்கள் பள்ளியில் சேர்ந்தாள். பிரான்சு நாட்டில் புனித மதலேன் சோபி பராத் 1800ஆம் ஆண்டு நிறுவிய திரு இருதய சபையின் மரபில் வந்த பள்ளி அது. படிப்போடு பிறர்க்குத் தொண்டு செய்வதும் அங்குக் கல்வியின் ஒரு பகுதி. வீடற்றோர்க்கு உணவு பரிமாறும் நிலையத்திலும், பழைய மிதிவண்டிகளைத் திரட்டி ஏழை நாடுகளுக்கு அனுப்பும் பணியிலும் கேட்டி பங்கு கொண்டாள்.

பதினைந்து வயதில் தங்கம்

2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கிற்குச் சென்ற அமெரிக்க அணியில், எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தாலும், இளையவள் கேட்டியே. வயது 15. ஆகஸ்டு 3ஆம் நாள் 800 மீட்டர் பிரீஸ்டைல் இறுதிப் போட்டி நடந்தது. அரங்கில் திரண்டிருந்த ஆங்கிலேயர் தங்கள் நாட்டு வீராங்கனை ரெபேக்கா ஆட்லிங்டனுக்காக ஆரவாரம் செய்தனர். முந்தைய ஒலிம்பிக்கில் அப்போட்டியை வென்றவர் அவரே. ஆனால் எவரும் அதிகம் அறிந்திராத பள்ளிச் சிறுமி தொடக்கத்திலேயே முன்னேறி, 8 நிமிடம் 14.63 விநாடியில் சுவரைத் தொட்டாள். இரண்டாவதாக வந்த ஸ்பெயின் நாட்டு மங்கை நான்கு விநாடிகளுக்கு மேல் பின்தங்கியிருந்தார். 1989 முதல் எவராலும் அசைக்கப்படாதிருந்த ஜேனட் எவான்சின் அமெரிக்க சாதனை அன்று வீழ்ந்தது.

தங்கத்தோடு ஊர் திரும்பியவர் பத்தாம் வகுப்பில் சேர்ந்தார். பள்ளி, கல்லூரி அணிகளுக்காக நீந்துவோர் விளம்பர நிறுவனங்களிடம் பணம் பெறலாகாது என்பது அக்கால விதி. ஆகவே 2018 வரை, ஏறத்தாழ ஆறு ஆண்டுகள், வாயில்தேடி வரக்கூடிய பெரும்பொருளை ஒதுக்கிவிட்டு, பள்ளித் தோழியருடனும் பின்னர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக அணியினருடனும் நீந்தினார். அங்கே உளவியல் பயின்று பட்டமும் பெற்றார்.

மிதவையில் எழுதிய எண்

நெடுந்தொலைவு நீச்சல் என்பது பார்ப்போர்க்கு எட்டு நிமிட வேடிக்கை. நீந்துவோர்க்கோ ஆண்டுக்கணக்கான தனிமை. ஒலிம்பிக் குளத்தின் நீளம் 50 மீட்டர். 800 மீட்டருக்குப் பதினாறு முறையும் 1500 மீட்டருக்கு முப்பது முறையும் அதனைக் கடக்க வேண்டும். பயிற்சியிலோ இதைப் போலப் பன்மடங்கு. முகம் நீருக்குள் இருக்கும். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் குளத்தின் அடியில் வரைந்த ஒரு கருங்கோடு மட்டுமே. காதில் பேச்சில்லை, அருகில் துணையில்லை. விடியுமுன் எழுந்து பயிற்சி, பின்பு பள்ளி, மாலையில் மீண்டும் பயிற்சி. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்னும் நம் முன்னோர் வாக்கிற்கு இதனினும் சிறந்த விளக்கம் இல்லை.

லண்டனுக்குப் பின் அவருடைய பயிற்சியாளரான புரூஸ் கெம்மலும் அவரும் ஓர் இலக்கை வகுத்தனர். 400 மீட்டரை 3 நிமிடம் 56 விநாடியிலும், 800 மீட்டரை 8 நிமிடம் 5 விநாடி அல்லது அதற்கும் குறைவிலும் நீந்த வேண்டும் என்பதே அது. இதனை வெளியில் பறைசாற்றவில்லை. பயிற்சியின்போது கால்களுக்கிடையே செருகிக்கொள்ளும் மிதவையின்மேல் '565' என்ற எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொண்டார். காண்போர்க்கு அது வெறும் எண். அவருக்கோ நாள்தோறும் கண்முன் நிற்கும் கடமை. 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டரை 3 நிமிடம் 56.46 விநாடியிலும், 800 மீட்டரை 8 நிமிடம் 4.79 விநாடியிலும் நீந்தி இரண்டிலும் உலக சாதனை படைத்தார். 800 மீட்டரில் அடுத்து வந்தவர் பதினொரு விநாடிகள் பின்னால் இருந்தார். 200 மீட்டரும் சேர்த்து மூன்று தனிப் போட்டிகளிலும் தங்கம். தொடர் நீச்சலில் ஒரு தங்கமும் ஒரு வெள்ளியும் கிடைத்தன.

எதிர்நீச்சல்

வெற்றியின் வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் நாம் இதனை எழுத முற்பட்டிருக்க மாட்டோம். உண்மையான எதிர்நீச்சல் இதற்குப் பின்னரே வந்தது.

எழுந்து நிற்கும்போது இதயம் படபடத்து, தலைச்சுற்றலும் மயக்கமும் சோர்வும் உண்டாக்கும் ஒருவகை நோய் தமக்கு இருப்பதை 2015ஆம் ஆண்டிலேயே அவர் அறிந்திருந்தார். 2024இல் வெளியான தம் வாழ்க்கை நூலில்தான் இதனை உலகிற்குக் கூறினார். அதுவரை தோல்விகளுக்குச் சாக்காக அதனை அவர் எடுத்தாளவில்லை. 2019ஆம் ஆண்டு தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் நடந்த உலகப் போட்டியில் வேறொரு நோய் தாக்கிற்று. இரண்டு போட்டிகளிலிருந்து விலக நேர்ந்தது. எனினும் இறுதி நாள்களில் எழுந்து வந்து 800 மீட்டரில் நீந்தினார். போட்டியின் பிற்பகுதியில் இத்தாலிய மங்கை முந்திச் சென்றார். கடைசி 50 மீட்டரில் கேட்டி மீண்டும் முந்தித் தங்கம் வென்றார்.

மறு ஆண்டு கொரோனா கொள்ளைநோயால் குளங்கள் மூடப்பட்டன. ஒரு குடும்பத்தாரின் வீட்டுக் கொல்லையில் இருந்த சிறு குளத்தில் தோழி ஒருவருடன் பயிற்சியைத் தொடர்ந்தார். தள்ளிவைக்கப்பட்ட டோக்கியோ ஒலிம்பிக் 2021இல் நடைபெற்றது. வெளிநாட்டுப் பார்வையாளர்க்கு அனுமதி இல்லாமையால், முன்னைய இரு விழாக்களிலும் உடன் வந்த பெற்றோர் இம்முறை அரங்கில் இல்லை. 400 மீட்டரில் ஆஸ்திரேலியாவின் அரியார்னே டிட்மஸ் அவரைத் தோற்கடித்தார். ஒலிம்பிக் தனிப்போட்டி ஒன்றின் இறுதியில் கேட்டி கண்ட முதல் தோல்வி அது.

ஜூலை 28ஆம் நாள் வந்தது. 200 மீட்டர் இறுதியில் நீந்திய கேட்டி ஐந்தாவதாக முடித்தார். பதக்கம் இல்லை. ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அவர் வெறுங்கையுடன் கரையேறியது அதுவே முதன்முறை. அழுது ஆறவும் அவகாசமில்லை. ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் 1500 மீட்டர் இறுதிக்கு அவர் மீண்டும் குளத்தில் இறங்க வேண்டியிருந்தது.

ஆண்களுக்கு அப்போட்டி 1908 முதலே ஒலிம்பிக்கில் உண்டு. பெண்களுக்கு அத்தொலைவு அவ்விழாவில்தான் முதன்முறையாக வழங்கப்பட்டது. நூறாண்டுக்கு மேல் மூடியிருந்த கதவு திறந்த அன்று, சற்று முன் தோற்றுக் கரையேறிய அம்மங்கை முப்பது முறை குளத்தைக் கடந்து, 15 நிமிடம் 37.34 விநாடியில் தங்கம் வென்றார். எப்பொழுதும் அமைதியாகக் காணப்படும் அவர் அன்று உரக்கக் கூவினார், கண்ணீரும் வந்தது. களைப்பு மேலிட்டபோது தம் தாத்தா பாட்டிமாரை நினைத்துக்கொண்டதாகப் பின்னர்க் கூறினார். மூன்று நாள் கழித்து 800 மீட்டரிலும் அவருக்கே தங்கம்.

அதன்பின் புளோரிடா மாநிலத்தில் அந்தோனி நெஸ்டி என்பாரிடம் பயிற்சி பெற்றார். 1988இல் சூரினாம் என்னும் சிறு நாட்டிற்கு ஒலிம்பிக் நீச்சல் தங்கம் தேடித் தந்தவர் அவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரிலும் 800 மீட்டரிலும் கேட்டி மீண்டும் தங்கம் பெற்றார். 800 மீட்டரில் நான்காவது தங்கத்தை அவர் வென்ற நாள் ஆகஸ்டு 3. லண்டனில் முதல் தங்கம் பெற்று அன்றோடு சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன! 2025 மே மாதத்தில், தம் 28ஆம் வயதில், 800 மீட்டரை 8 நிமிடம் 4.12 விநாடியில் நீந்தித் தம் ஒன்பதாண்டு பழைய உலக சாதனையைத் தாமே முறியடித்தார்.

எதற்காகச் செபித்தார்?

ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் கேட்டி 'அருள் நிறைந்த மரியே' செபத்தைச் சொல்வது வழக்கம். அது அழகிய செபம் என்றும், தம் மனத்திற்கு அமைதி தருகிறது என்றும் அவர் கூறியிருக்கிறார். இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். வெற்றி தருகிறது என்று அவர் சொல்லவில்லை. டோக்கியோவில் ஐந்தாவதாக வந்த மங்கைக்கும், அடுத்த போட்டியில் தங்கம் வென்ற மங்கைக்கும் மாதா ஒருவரே. அச்செபம் ஒருமுறை கேட்கப்பட்டது, ஒருமுறை கேட்கப்படவில்லை என்று எண்ணுவோமாயின், செபத்தை நாம் இன்னும் அறிந்துகொள்ளவில்லை என்பதே பொருள். அடுத்த தடத்தில் நின்ற பெண்ணும் செபித்திருக்கக் கூடுமன்றோ?

நம் ஆண்டவரும் ஜெத்சமனித் தோட்டத்தில் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலுமாறு மன்றாடினார். கிண்ணம் அகலவில்லை. ஆனால் அவரைத் திடப்படுத்த வானதூதர் வந்தார் என்று லூக்காஸ் நற்செய்தி கூறுகிறது. செபத்தின் பயன் பெரும்பாலும் இதுவே: கிண்ணம் இருக்கும், அதனை ஏந்தும் கைக்கு வலிமை வரும். தோல்வியடைந்த ஒரு மணி நேரத்தில் அதே நீரில் மீண்டும் இறங்கும் மன உறுதி, ஒரு பதக்கத்தினும் மேலான கொடை என்று நாம் துணிந்து சொல்வோம்.

மற்றொன்றும் உண்டு. செபித்துவிட்டோம் என்று கேட்டி பயிற்சியைக் குறைத்துக்கொண்டதில்லை. இளமையில் அவர் வழிபட்ட ஆலயத்தின் பாதுகாவலியான சிறுமலர் தெரேசம்மாள், சின்னஞ்சிறு கடமைகளை அன்போடு செய்வதையே விண்ணக வழியாகக் காட்டினார். அடியில் தெரியும் கருங்கோட்டைப் பார்த்தவாறு ஒவ்வொரு வைகறையிலும் கைவீசுவதும் அத்தகைய சிறு கடமைகளின் வரிசையே.

பெற்றோரே! உங்கள் பிள்ளைகள் தேர்வுக்கோ ஆட்டக்களத்திற்கோ புறப்படும்போது அவர்களோடு கூடிச் செபியுங்கள். "முதலிடம் தாரும்" என்று கேட்பதோடு நில்லாமல், "கலங்காத உள்ளத்தைத் தாரும், எது வந்தாலும் உம்மை விட்டு விலகாதிருக்கும் வரம் தாரும்" என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். முடிவு வெளியாகும் நாளில், மதிப்பெண்ணைக் கேட்குமுன் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால், "எழுந்திரு, அடுத்ததற்கு ஆயத்தமாவோம்" என்று சொல்லுங்கள். அன்றிரவு குடும்பச் செபமாலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். வென்ற நாளிலும் தோற்ற நாளிலும் அதே ஐம்பத்து மூன்று மணிகளை உருட்டும் இல்லத்தில் வளரும் பிள்ளை, எந்த வெள்ளத்திலும் மூழ்கிப்போவதில்லை.