தானாகப் பொங்கிய ஊற்றுகள் ஏன் அடங்கின? நிலத்தடி நீரைக் காக்க நாம் செய்ய வேண்டியவை

விருத்தாசலம், நெய்வேலி வட்டாரத்தில் வயது முதிர்ந்த விவசாயிகளிடம் பேசினால், மோட்டார் இல்லாமலேயே குழாயில் தண்ணீர் பொங்கி வழிந்த காலத்தைச் சொல்வார்கள். துளை போட்டால் போதும், இரவு பகலாகத் தண்ணீர் தானே மேலே வரும். இதை ஆர்டீசியன் ஊற்று என்பார்கள். இன்று அதே வட்டாரத்தில் பல நூறு அடி ஆழத்திலிருந்து நீர்மூழ்கி மோட்டார் வைத்து இறைக்க வேண்டியிருக்கிறது. மழை நின்றுவிடவில்லை. பிறகு ஊற்று ஏன் அடங்கியது? இதைப் புரிந்துகொண்டால், வேப்பூர் போன்ற ஊர்களில் மிச்சமிருக்கும் ஊற்றுகளை எப்படிக் காப்பது என்பதும் விளங்கும்.

ஊற்று எங்கிருந்து வருகிறது?

பெய்யும் மழையில் ஒரு பகுதி ஓடிப்போகிறது, ஒரு பகுதி ஆவியாகிறது, மீதி மண்ணுக்குள் இறங்குகிறது. இறங்கிய நீர் மணலின் இடைவெளிகளிலும் பாறை வெடிப்புகளிலும் மெல்ல நகர்ந்து, தாழ்வான ஓரிடத்தில் வெளிப்படுகிறது. வானிலிருந்து இறக்கிய நீரை அல்லாஹ் பூமிக்குள் ஊற்றுகளாக ஓடச் செய்வதை அல்குர்ஆன் (39:21) சிந்திக்கச் சொல்கிறது. ஊற்று தனியாகப் பிறக்கும் நீர் அல்ல. எங்கோ பெய்து, எப்போதோ இறங்கிய மழைதான் அது.

ஆர்டீசியன் ஊற்றில் இதோடு அழுத்தமும் சேர்கிறது. கடலூர் மாவட்டத்தில் நிலத்துக்கு அடியில் மணற்பாறை அடுக்கு ஒன்று உண்டு. மேற்கே, விருத்தாசலம் பக்கம் அது தரைமட்டத்துக்கு அருகில் இருக்கிறது. கிழக்கே கடலை நோக்கிச் சரிந்து ஆழத்துக்குப் போகிறது. அங்கே அதன்மேல் களிமண்ணும் பழுப்பு நிலக்கரியும் மூடிபோலக் கிடக்கின்றன. செராமிக் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலத்தாருக்குக் களிமண்ணின் குணம் தெரியும். தண்ணீரை அது எளிதில் விடாது. மேற்கே உள்ளே இறங்கிய மழைநீர் கிழக்கே அந்த மூடிக்கடியில் அடைபட்டு நிற்கிறது. மாடித் தொட்டியின் தண்ணீர் கீழ்வீட்டுக் குழாயில் வேகமாக வருவதுபோல, துளையிட்ட இடத்தில் பீறிடுகிறது.

நெய்வேலி தரும் பாடம்

1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பான பொருள் வெளிவந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. நிலக்கரிக்குக் கீழே இருந்த ஊற்று நீரின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை இருந்தது. மேலுள்ள மண்ணை அகற்றிவிட்டால் அந்த அழுத்தமே சுரங்கத்தின் தரையைப் பிளந்துவிடும். அதனால் இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தே நிலக்கரி எடுக்கிறார்கள். அந்த நீர் அனல்மின் நிலையத்துக்கும் பாசனத்துக்கும் போகிறது. வறட்சிக் காலங்களில் சென்னையின் குடிநீருக்கும் உதவியது.

சுரங்கம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதே அடுக்கில் ஆயிரக்கணக்கான விவசாய ஆழ்துளைக் கிணறுகளும் இறைக்கின்றன. உள்ளே இறங்குவதைவிட வெளியே எடுப்பது கூடினால் அழுத்தம் குறையும், ஊற்று அடங்கும். கடற்கரைப் பக்கம் இன்னொரு ஆபத்தும் உண்டு. நன்னீரின் அழுத்தம் குறைந்தால் கடலின் உப்புநீர் அந்த இடத்தைப் பிடிக்கத் தொடங்கும்.

வேப்பூர் பக்கம் நிலைமை வேறு

வேப்பூரைச் சுற்றிப் பெரும்பாலும் கடினப் பாறை. இங்கே அழுத்தத்தோடு அடைபட்ட பெரிய நீர் அடுக்கு இல்லை. பாறைக்கு மேலுள்ள சிதைந்த மண்ணிலும், பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். திறந்த கிணற்றின் பக்கச் சுவரில் கசியும் ஊற்றுக்கண்கள் இந்த மேலடுக்கின் நீரால் வாழ்பவை.

பக்கத்து நிலத்தில் 500 அடிக்கு ஆழ்துளை போட்டால் புதிய நீர் உண்டாகிவிடாது. பல வேளைகளில், மேலே கிணற்றுக்கு வந்துகொண்டிருந்த நீரே வெடிப்புகள் வழியாகக் கீழே இழுக்கப்படுகிறது. ஒருவர் ஆழமாகப் போக, அண்டை வீட்டார் அதைவிட ஆழமாகப் போக, கடைசியில் இருவருக்கும் கடன்தான் மிஞ்சும். ஊற்றைக் காப்பது அண்டை வீட்டார் உரிமையோடும் சேர்ந்த விஷயம்.

ஆற்று மணலும் இப்படித்தான். மணலின் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடைவெளி. மணிமுத்தாற்றிலும் வெள்ளாற்றிலும் வெள்ளம் வடிந்த பிறகும் அந்த இடைவெளியில் தண்ணீர் நிற்கும். கோடையில் கையால் தோண்டினாலே ஊற்று வரும். மணலை அள்ளிவிட்டால் கரையோரக் கிணறுகளுக்கும் அந்தச் சேமிப்பு போய்விடும்.

நம் வீட்டில், பள்ளிவாசலில், வயலில்

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை பெய்தால் 1,00,000 லிட்டர். அது தெருச் சாக்கடைக்குப் போகிறதா, மண்ணுக்குள் இறங்குகிறதா என்பது நம் கையில். தமிழ்நாட்டில் 2003-இலேயே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்போது கட்டிய தொட்டிகள் பல இன்று மண்ணும் குப்பையும் அடைத்துக் கிடக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் கூழாங்கல்லையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போட்டாலே அவை மீண்டும் வேலை செய்யும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்கு அருகில் சேகரிப்புக் குழி கூடாது.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்ததையும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்ததையும் அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக புகாரி, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம். ஒரு முத்து ஏறக்குறைய முக்கால் லிட்டருக்குள் அடங்கும். நாம் உளூச் செய்யும் குழாயின் கீழ் ஒருமுறை வாளியை வைத்து அளந்து பார்ப்போம். நிமிடத்துக்கு 6 லிட்டர் வரும் குழாயை இரண்டு நிமிடம் திறந்து வைத்தால் 12 லிட்டர். 100 பேர் ஐவேளையும் அப்படிச் செய்தால் நாளொன்றுக்கு 6,000 லிட்டர். குழாயைச் சிறிதளவே திறக்கப் பிள்ளைகளுக்குப் பழக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகம் உளூ நீரைச் சாக்கடையில் விடாமல் தென்னைக்கும் வேம்புக்கும் திருப்பிவிடலாம்.

வயல்தான் அதிகம் குடிக்கிறது. சொட்டு நீர்ப் பாசனத்துக்குத் தமிழக அரசு சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தருகிறது. வரத்து வாய்க்காலைத் தூர்வாரி ஏரியில் நீர் நின்றால், சுற்றியுள்ள கிணறுகளின் ஊற்றுக்கண்களுக்கும் அது கிடைக்கும். ஏரி நிலத்தையும் வாய்க்காலையும் ஆக்கிரமிப்பவர், ஊரின் ஊற்றையே அடைக்கிறார்.

ஸம்ஸமையும் அளந்தே எடுக்கிறார்கள்

அல்லாஹ்வின் அத்தாட்சியாக நாம் போற்றும் ஸம்ஸம் கிணறு சுமார் 30 மீட்டர் ஆழம் கொண்டது. மக்காவின் இப்ராஹீம் பள்ளத்தாக்கில் பெய்யும் மழையும் மண்ணடுக்கும் பாறை வெடிப்புகளும் அதற்கு நீர் சேர்க்கின்றன. சவூதி புவியியல் ஆய்வு நிறுவனம் அதற்கெனத் தனி மையம் வைத்து நீர்மட்டத்தைக் கண்காணிக்கிறது. இறைக்கும் அளவும் கட்டுப்படுத்தப்படுகிறது.

அருளாகக் கிடைத்த கிணற்றுக்கே இவ்வளவு கவனம் தேவைப்படும்போது, நம் ஊர்க் கிணறுகளை அளக்காமல் இறைப்பது எப்படிச் சரியாகும்? மாதம் ஒருமுறை கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, கிணற்றின் நீர்மட்டத்தை ஒரு நோட்டில் குறித்து வருவோம். ஓர் ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால், எவ்வளவு எடுக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை ஊர் கூடி முடிவு செய்யலாம்.