அம்மைதானா? 5 நாள் தாண்டிய காய்ச்சலை விடாதீங்க!



பிள்ளைக்குக் காய்ச்சல், கண் சிவப்பு, உடம்பெல்லாம் தடிப்பு. பார்த்ததும் "அம்மை போட்டிருக்கு" என்று வேப்பிலை வைத்துவிடுகிறோம். பல நேரம் அது அம்மையாகவோ வேறு வைரஸ் காய்ச்சலாகவோதான் இருக்கும். ஆனால் சில பிள்ளைகளுக்கு அது ரத்தக்குழாய் வீங்கும் நோயாக இருக்கலாம். 1967-ல் இதை விவரித்து எழுதிய ஜப்பான் டாக்டர் பெயரால் இதற்கு 'கவாசாகி நோய்' என்று பெயர். பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கே வரும். இது ஒட்டுவாரொட்டி இல்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கிருமி வந்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதோடு சண்டை போடும். சில பிள்ளைகளுக்கு அந்தச் சண்டை அடங்காமல் சொந்த ரத்தக்குழாயையே தாக்கிவிடுகிறது. இருதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய், பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைப்பது போலப் புடைக்கும். அங்கே ரத்தம் உறைந்து அடைத்தால் சின்ன வயதிலேயே மாரடைப்பு வரலாம்.

காய்ச்சல் தானாகவே இறங்கிவிடும். நாமும் சரியாப் போச்சுன்னு நினைப்போம். புடைப்பு மட்டும் உள்ளே இருக்கும்.

கொரோனாவுக்குப் பிறகும் இதே மாதிரி ஒரு வீக்கம் பிள்ளைகளுக்கு வந்தது. தொற்று வந்து 2 முதல் 6 வாரம் கழித்து காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி என்று தொடங்கியது. 2020 மே முதல் ஜூலை வரை சென்னையில் நான்கு மருத்துவமனைகளில் இப்படி 19 பிள்ளைகளை டாக்டர்கள் பதிவு செய்தார்கள்.

அடையாளங்கள்

* 5 நாளாக விடாத கடுங்காய்ச்சல்
* பீளை இல்லாமல் இரண்டு கண்ணும் சிவத்தல்
* உதடு சிவந்து வெடித்தல், நாக்கு செக்கச்செவேலென்று ஆதல்
* உடம்பில் தடிப்பு
* கை, கால் வீக்கம். பிறகு விரல் நுனியில் தோல் உரிதல்
* கழுத்தில் நெறி கட்டுதல்

கைக்குழந்தைக்கு பி.சி.ஜி. ஊசித் தழும்பு சிவந்து தடிக்கலாம். எல்லா அடையாளமும் சேர்ந்து வர வேண்டியதில்லை.

10 நாள்தான் கணக்கு

வைத்தியம் பார்க்காவிட்டால் 100 பிள்ளைகளில் சுமார் 25 பேருக்கு இருதயக் குழாய் பாதிக்கும். காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் 'இம்யூனோகுளோபுலின்' மருந்தை டிரிப்ஸ் மாதிரி ஏற்றினால் அது சுமார் 5 பேராகக் குறையும். மூணு தண்ணி ஊத்தி முடியும்போது அந்த 10 நாள் ஓடிப்போயிருக்கும். வேப்பிலை வைங்க, வேண்டிக்கோங்க. கூடவே டாக்டரிடமும் காட்டுங்க.

நாம் செய்ய வேண்டியது

* காய்ச்சல் தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.
* ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அவர்கள் அனுப்பினால் கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரிக்கோ, திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ தாமதிக்காமல் போங்கள். அவசரம் என்றால் 108.
* இருதயத்தைப் பார்க்கும் 'எக்கோ' பரிசோதனை அவசியம். வீட்டுக்கு வந்த பிறகும் சொன்ன தேதியில் திரும்ப எடுக்க வேண்டும்.
* ஆஸ்பிரின் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.
* இந்த மருந்து ஏற்றிய பிள்ளைக்குச் சில தடுப்பூசிகளைத் தள்ளிப் போட வேண்டும். நர்சம்மாவிடம் சீட்டைக் காட்டுங்கள்.

தீப்பெட்டி ஆபீஸுக்கு ஒருநாள் போகாவிட்டால் கூலி போயிடுமே என்று தயங்கும் தாய் நம் குழுவிலும் இருப்பார். அவருக்கு அவசரக் கடன் கொடுங்கள். துணைக்கு ஒருவர் கூடப் போங்கள். இதை அடுத்த குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.