நெய் யார் வாங்குவது?

முகூர்த்தத்துக்கு இன்னும் அரைமணிதான். ஹோமத்துக்கு நெய்யைக் காணோம்! "சம்பந்தி வீட்டிலே கொண்டு வருவாங்கன்னு இருந்துட்டோம்" என்கிறார்கள் இவர்கள். "பெண் வீட்டிலே வாங்கியிருப்பாங்கன்னு நெனச்சோம்" என்கிறார்கள் அவர்கள். பணத்துக்கோ ஆளுக்கோ குறைவில்லை. பொறுப்புதான் இரண்டு வீட்டுக்கும் நடுவே விழுந்துவிட்டது.

பல நாடுகள் கூடிச் செய்யும் விஞ்ஞானத்திலும் இதே தலைவலி உண்டு.

வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்க 'எஸ்.கே.ஏ.' என்ற தொலைநோக்கியைக் கட்டி வருகிறார்கள். 2022 டிசம்பரில் கட்டுமானம் தொடங்கியது. திட்டப்படி தென்னாப்பிரிக்காவின் கரூ பகுதியில் 197 பெரிய தட்டு ஆன்டெனாக்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில், கிறிஸ்துமஸ் மரம் போல 2 மீட்டர் உயரத்தில், 1,31,072 சிறு ஆன்டெனாக்கள்! தலைமை அலுவலகமோ இங்கிலாந்தில், ஜோட்ரெல் பேங்கில். புதுத் தட்டுகள் சீனாவிலும் சிறு ஆன்டெனாக்கள் இத்தாலியிலும் தயாராகின்றன. எல்லாவற்றையும் இயக்கும் மென்பொருளை வடிவமைப்பதில் முன்னின்றது நம் நாடு, புனேயிலுள்ள தேசிய வானொலி வானியல் மையம். இந்தியா 2024-ல் முழு உறுப்பினராகவும் ஆயிற்று.

இத்தனை பேர் செய்வதும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டாமா? அதற்கென்றே பொறியியல் நிர்வாகிகள் இருக்கிறார்கள். அவர்கள் திருகாணி முடுக்குவதில்லை. இரண்டு பாகங்கள் சேரும் இடத்தைத்தான் கவனிக்கிறார்கள். போல்ட் துளை எங்கே, மின்சாரம் எவ்வளவு, கம்பியின் முனை எப்படி, அதைப் பூட்டுவது யார் என்று எழுதி, இரு தரப்பிலும் கையெழுத்து வாங்குகிறார்கள். பிறகு ஒருவர் சின்ன மாற்றம் செய்ய நினைத்தாலும் தன்னிஷ்டத்துக்குச் செய்ய முடியாது. அதனால் மற்றவர்களுக்குச் செலவு எவ்வளவு, தாமதம் எவ்வளவு என்று கேட்ட பிறகே அனுமதி.

இன்னொரு ஜாக்கிரதையும் உண்டு. பந்தி போடுமுன் ஒரு கரண்டி ருசி பார்ப்போமல்லவா? அதேபோல், முதலில் கொஞ்சம் பாகங்களை மட்டும் பொருத்திச் சோதிக்கிறார்கள். பிசகு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். ஒரு லட்சம் ஆன்டெனாவை நட்ட பிறகு தெரிந்தால் கதி என்ன? ஆஸ்திரேலியாவில் 1,024 ஆன்டெனாக்களை மட்டும் வைத்து எடுத்த முதல் படம் 2025 மார்ச்சில் வெளியாயிற்று. சுமார் 85 விண்மீன் மண்டலங்கள் அதில் தெரிந்தன. நெய் வந்து சேர்ந்துவிட்டது!

அடுத்த விசேஷத்துக்குப் பட்டியல் எழுதும்போது, சாமானுக்கு நேரே யார் பொறுப்பு என்று ஒரு பெயரையும் எழுதிவிடுங்களேன், சகோதரிகளே. கண்டம் விட்டுக் கண்டம் செல்லுபடியாகிற யோசனை இது!