சதுரங்க எண்ணின் காரணிகளும் ஃபெர்மாவின் கருதுகோளும்

சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு தானியமணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்துச் சென்றால் 64 கட்டங்களிலும் சேர்ந்து வரும் தொகை 2⁶⁴−1, அதாவது 18,446,744,073,709,551,615. 13ஆம் நூற்றாண்டினரான இப்னு கல்லிக்கான் இக்கதையைப் பதிவு செய்துள்ளார். கதை எண்ணின் பருமையை வியப்பதோடு நின்றுவிடுகிறது. எண்ணியல் நோக்கில் அதன் உள்ளமைப்பே ஆராயத்தக்கது.

ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது, அவ்வெண்ணுடன் ஒன்றைக் கூட்டியதும் அதிலிருந்து ஒன்றைக் கழித்ததும் ஆகிய இரண்டின் பெருக்கற்பலன். ஆதலின் 2⁶⁴−1 = (2³²+1)×(2³²−1). பின்னதும் இவ்வாறே பிரியும். இறுதிவரை பிரித்தால் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்னும் ஆறு எண்களின் பெருக்கமாகச் சதுரங்க எண் அமைவது புலனாகும். இவை 2-இன் 1, 2, 4, 8, 16, 32 ஆம் அடுக்குகளோடு முறையே ஒன்றைக் கூட்டியவை. ஃபெர்மா எண்களின் வரிசையில் முதல் ஆறும் இவையே.

இவ்வரிசையின் எண்கள் அனைத்தும் பகா எண்கள் என 1640-இல் ஃபெர்மா கருதினார். முதல் ஐந்தும் பகா எண்களே. அவ்வைந்தே அவருடைய நம்பிக்கைக்குத் துணைநின்றன. 1729-இல் கோல்ட்பாக் இக்கருத்தை ஆய்லருக்குக் கடிதவாயிலாக நினைவூட்டினார். ஆறாவது எண்ணான 4294967297, 641 × 6700417 எனப் பிரியும் என்று 1732-இல் ஆய்லர் காட்டினார்.

இதனைப் பெருங்கணக்கீடு இன்றியே சரிபார்க்கலாம். 641 = 5×2⁷+1 ஆதலின், 5×2⁷ என்பதை 641 ஆல் வகுத்தால் மீதி −1 எனக் கொள்ளலாம். அதன் நான்காம் அடுக்கான 5⁴×2²⁸ என்பதற்கு மீதி 1. மேலும் 641 = 5⁴+2⁴ ஆதலின், 5⁴ என்பதற்கு மாற்றாக −2⁴ என இடலாம். அவ்வாறு இட, −2³² என்பதன் மீதி 1 ஆகிறது; எனவே 2³²+1 மீதியின்றி வகுபடும்.

641-ஐக் கண்டடைதலும் கடினமன்று. 4294967297-இன் பகாக் காரணி எதுவும் 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகவே இருத்தல் வேண்டும் என்பது ஆய்லர் நிறுவியது. இவ்வடிவிலுள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வரிசைப்படும். ஐந்தாம் சோதனையிலேயே விடை கிட்டிவிடும். இதற்கு அடிப்படையான சிறு தேற்றத்தை அதே 1640-இல் கூறியவரும் ஃபெர்மாவே என்பது வியப்புக்குரியது. கருவி கையிலிருந்தும் அவர் வகுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சதுரங்க எண்ணின் இரு பகுதிகளுக்கும் இடையிலான இவ்வேறுபாடு வடிவியலிலும் வெளிப்படுகிறது. ஒற்றைப்படைப் பக்கங்களையுடைய ஓர் ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோல், கவராயம் ஆகியவற்றைக் கொண்டே வரைவதற்கு, அதன் பக்க எண்ணிக்கை ஒரு ஃபெர்மா பகா எண்ணாகவோ வெவ்வேறான அத்தகைய எண்களின் பெருக்கமாகவோ இருத்தல் போதும் என 1801-இல் கௌஸ் வெளியிட்டார். அந்நிபந்தனை இன்றியமையாதது என்பதை 1837-இல் வான்செல் நிறுவினார். எனவே 2³²−1-இன் 32 வகுஎண்களுள் 1 நீங்கலான 31 எண்களும் வரையத்தக்க பலகோணங்களைத் தருகின்றன. 641 பக்கப் பலகோணம் வரையவியலாதது.

சதுரங்க எண்ணோடு இரண்டைக் கூட்டினால் கிடைப்பது வரிசையின் அடுத்த ஃபெர்மா எண். அதனை 274177 வகுக்கும் என 1880-இல் லாண்ட்ரி கண்டார். அப்போது அவருக்கு வயது 82. 2³²+1 தொடங்கி அடுத்தடுத்த 28 ஃபெர்மா எண்களும் பகு எண்கள் என இதுவரை மெய்ப்பிக்கப்பட்டுள்ளன. 65537-க்கு அப்பால் ஒரு ஃபெர்மா பகா எண்ணேனும் உண்டா என்னும் வினா இன்றும் தீர்வின்றி நிற்கிறது.