டைனோவில் டர்போ ஏன் அடம்பிடிக்கிறது?

ரோட்டில் சீறும் டர்போ கார், ட்யூனிங்குக்காக டைனோ உருளையில் ஏற்றியதும் பூஸ்ட் காட்ட மறுக்கும். உடனே 'டர்போ போச்சு' என்று பதற வேண்டாம். பல நேரம் குறைவது லோடுதான்!

டர்போவைச் சுழற்றுவது எக்ஸாஸ்ட் வாயு. இன்ஜின் பாரம் இழுத்தால்தான் அந்த வாயு போதுமான அளவில், சூடாக வரும். உருளையின் எடையை மட்டுமே நம்பும் இனர்ஷியா டைனோவில், சின்ன கியரில் ஆர்பிஎம் மளமளவென ஏறிவிடும். டர்போ வேகம் பிடிப்பதற்குள் ரெட்லைன் வந்துவிடும். அதனால்தான் நான்காவது போன்ற மேல் கியரில், குறைந்த ஆர்பிஎம்மிலிருந்தே முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கிறார்கள். எடி கரன்ட் பிரேக் உள்ள டைனோ என்றால் இன்னும் நல்லது. உருளையை இழுத்துப் பிடித்து, மேடு ஏறுவது போன்ற லோடைத் தரும்.

1,750 ஆர்பிஎம்மிலேயே 175 என்எம் டார்க் தரும் போலோ 1.0 டிஎஸ்ஐ போன்ற சின்ன டர்போ கார்களில் இந்தத் தொல்லை குறைவு. பெரிய டர்போ மாட்டியவர்களுக்குத்தான் தலைவலி.

லோடு கொடுத்தும் பூஸ்ட் வரவில்லையா? இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப், வேஸ்ட்கேட் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். 'பரவாயில்லை' என்று குறைந்த பூஸ்ட்டிலேயே மேப்பை முடித்து வாங்கி வராதீர்கள். ஏற்காடு மலையேற்றத்தில் பூஸ்ட் முழுசாக ஏறும்போது, அந்த இடத்துக்கான பெட்ரோல், இக்னிஷன் கணக்கை யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். நாக்கிங் வரும், பிஸ்டனே உடையலாம்.