சாளரம் திறக்கும் அடுக்குகள்

நிரலுக்கும் அதனைக் கையாள்வோர்க்கும் இடையே, கண்ணாற் காணவும் கையால் இயக்கவும் ஏற்ப அமைந்த தோற்றப்பரப்பு வரைகலை இடைமுகம் எனப்படும். சாளரம், அழுத்துவிசை, எழுதுகட்டம், உருள்பட்டை ஆகியவை அப்பரப்பின் உறுப்புகள். அவற்றை நிரலர் ஒவ்வொருவரும் புதிதாய் வரைந்து அல்லலுறாவண்ணம் முன்னரே இயற்றித் திரட்டிவைத்த தொகுதி இடைமுக நிரலகம். செய்யுளுக்கு உறுப்பு வகுத்த மொழிக்குத் திரைக்கு உறுப்பு வகுப்பதற்குத் தனிச்சொல் தேட வேண்டியதில்லை. உறுப்பு என்னும் அச்சொல்லே இங்கும் நேராகப் பொருந்துகிறது.

பைத்தான் மொழியோடு வழங்கும் டிகின்டர் இத்தகைய நிரலகம். லினக்சில் அது இயங்க மறுக்கும்போது பலர் சோர்ந்துவிடுகின்றனர். டிகின்டர் ஒரே பொருளன்று, ஐந்தடுக்குக் கோவை என்பதை அறியாமையே அச்சோர்வின் வேர். மேலடுக்கு, பைத்தானிலேயே எழுதப்பெற்ற கூறு. அதன்கீழ், சி மொழியில் எழுதப்பெற்ற பாலக்கூறு. மூன்றாவது, டிசிஎல் மொழியும் அதன் வரைகலைத் துணையாகிய டிகே நிரலகமும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சான் ஓசுட்டர்கௌட் 1988இல் டிசிஎல்லை உருவாக்கினார், டிகே 1991இல் வெளிவந்தது. நான்காவது, எக்சு நிரலகம். ஐந்தாவது, எக்சு வழங்கி. இவ்வெக்சுச் சாளர அமைப்பு மாசாச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் 1984இல் தோன்றியது. 1987இல் வந்த அதன் பதினொன்றாம் பதிப்பின் நெறிமுறையே இன்றும் வழங்கிவருகிறது. தொலைவிலுள்ள பெருங்கணினியையே வழங்கி எனக் கருதிப் பழகியோர்க்கு, இங்கே வழங்கி நம் மேசைமேல் இருப்பது புதுமையாகத் தோன்றும். வழங்கப்படுவன திரையும் விசைப்பலகையும் ஆதலின், அவை உள்ள இடமே வழங்கியின் இடம்.

அழுத்துவிசை ஒன்றைப் படைக்குமாறு பைத்தானில் நாம் எழுதும் ஒரு வரி, பாலத்தைக் கடக்கையில் டிசிஎல் கட்டளையாகி, டிகேயிடம் அளவும் வண்ணமும் பெற்று, எக்சு நெறிமுறைச் செய்தியாய் வழங்கியை அடைந்து, திரையில் ஒளிப்புள்ளிகளாய் விரிகிறது. விரல் அவ்விசையை அழுத்தியதும் அதே படிகளில் செய்தி கீழிருந்து மேலேறி நம் வரியிடம் வந்து சேர்கிறது.

அடுக்கு முறை இதுவாதலின், பிழையும் அடுக்கு முறையிலேயே எழும். டெபியன், உபுண்டு ஆகிய லினக்சுத் தளங்களின் அண்மைப் பதிப்புகளில் டிகின்டர் என்னும் கூறு இல்லை என்று முனையம் சொன்னால், குறை மேலடுக்கில் உள்ளது. திரையே இல்லாத கணினிகளுக்கு வரைகலை வேண்டா என்பதனால் அத்தளங்கள் அதனைப் பைத்தான்3-டிகே என்னும் தனிப்பொதியாகப் பிரித்து வைத்துள்ளன. ஃபெடோராவில் அதன் பெயர் பைத்தான்3-டிகின்டர். பொதியை இயங்குதளத்தின் பொதி மேலாளர் வழியே நிறுவுதல் வேண்டும். பைத்தானுக்குரிய பிப் கருவியால் இது கைகூடாது. பலர் இடறும் இடம் இதுவே.

அதே பிழைச்செய்தியில் கூற்றின் பெயர்க்கு முன்னே ஓர் அடிக்கோடு இருக்குமாயின் பொருள் வேறு. மேலடுக்கு உள்ளது, பாலம் இல்லை. பைத்தானை முதனிரலிலிருந்து தாமே தொகுத்துக்கொள்வோர்க்கு இது நேரும். தொகுக்கும் பொழுதில் டிகேயின் தலைப்புக் கோப்புகள் இல்லையெனில், தொகுப்பு நில்லாது முடிந்துவிடும். அமைக்கப்படாத கூறுகளின் பட்டியலில் மட்டும் அப்பெயர் ஒரு வரியாய் ஓடி மறையும். அவ்வொரு வரியைப் பாராமல் ஒரு மாலை முழுவதையும் நான் இழந்திருக்கிறேன். டிகே-டெவ் பொதியை நிறுவியபின் பைத்தானை மீண்டும் தொகுப்பதே தீர்வு.

மூன்றாம் வகைப் பிழை, டிசுப்ளே என்னும் சூழல்மாறி இல்லை என்பது. எந்த வழங்கியிடம் செல்வதென்று நிரலுக்குத் தெரியவில்லை. மேசைக்கணினியில் அம்மாறி பெரும்பாலும் முக்காற்புள்ளியும் சுழியமுமாக இருக்கும்; தொலைக்கணினியில் எசெசெச் இணைப்பை எக்சு கடத்தலுடன் திறந்தால் அது தானே அமையும். வேலாண்டு என்னும் புதிய காட்சியமைப்பிலோ, டிகே எக்சு நெறிமுறையையே பேசுவதால், எக்சுவேலாண்டு இடைநின்று பெயர்த்துரைக்கிறது.

அடுக்குகள் யாவும் பொருந்தினவா என்றறியப் பைத்தானே ஒரு சிறு ஆய்வு தருகிறது. முனையத்தில் பைத்தான்3, பின் இடைக்கோடும் எம் எழுத்தும், பின் டிகின்டர் என்று ஆணையிட்டால் ஒரு சிறு சாளரம் திறந்து டிகேயின் பதிப்பெண்ணைக் காட்டும். அதிலுள்ள விசையை அழுத்துந்தோறும் அதன்மேலுள்ள சொல்லை ஓரிணை பகர அடைப்பு சூழும்; ஐந்து முறை அழுத்தினால் ஐந்திணை.

தமிழர்க்கு இன்னும் ஓர் ஆய்வு உண்டு. உங்கள் நிரலில் ஓர் அழுத்துவிசையைப் படைத்து அதன்மேல் கெண்டை என்று எழுதிப் பாருங்கள். ஒருங்குறியில் ககரம் முன்னும் ஒற்றைக்கொம்பு பின்னுமாகவே சேமிக்கப்படும்; கொம்பை இடப்பக்கம் நிறுத்துவது எழுத்தைக் கோக்கும் பொறியின் கடமை. லினக்சில் இயங்கும் டிகே 8.6 பதிப்பில் அப்பொறி இல்லை. ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையிலேயே வரைவதால் கொம்பு ககரத்தின் வலப்புறம் சென்று நிற்கும். ஜிடிகே, கியூட்டி என்னும் பிற இடைமுக நிரலகங்கள் ஆர்ஃப்பசு என்னும் எழுத்துக்கோக்கும் பொறியைக் கொண்டிருப்பதால் அங்கே கொம்பு தன்னிடத்தில் அமைகிறது. தமிழ் எழுத்தைத் திரையில் காட்டவேண்டிய நிரலை எழுதுவோர் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்தல் வேண்டும். கணக்கும் வரைபடமும் மட்டும் காட்டுவோர்க்கு டிகின்டர் போதும்.