எழுந்து நின்ற சிறுவன்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் காஞ்சிபுரம். சீனத் துறவி யுவான் சுவாங் 640 வாக்கில் அங்கே வந்தார். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் ஆண்ட காலம்.

யுவான் சுவாங் வளர்ந்தது கன்ஃபூசிய நூல்கள் ஓதப்பட்ட வீட்டில். அவருடைய எட்டாம் வயதில் ஒருநாள், பெற்றோரைப் பேணும் நெறி பற்றிய நூலைத் தந்தை சொல்லிக்கொடுத்தார். ஆசான் பேசியதும் சீடர் பாயை விட்டு எழுந்த பகுதி வந்தது. சிறுவன் சட்டென்று உடையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றான். படித்தது நடத்தையில் தெரிய வேண்டும் என்பது அந்த மரபின் பிடிவாதம். (உடனிருந்தவர்கள் எழுதிய வரலாறு இது, கொஞ்சம் மெருகேறியிருக்கலாம்.)

காஞ்சி நாட்டைப் பற்றிய குறிப்பிலும் அவர் கண் மக்களின் குணத்தின்மேல்தான்: துணிவுள்ளவர்கள், நம்பத் தக்கவர்கள், கல்வியை மதிப்பவர்கள் என்கிறார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்கள் இருந்தனவாம். நாளந்தாவில் அவருக்குக் கற்பித்தவர் சீலபத்திரர். சீலபத்திரரின் ஆசிரியர் தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர். ஆகவே காஞ்சிக்கு வருமுன்பே யுவான் சுவாங் ஒருவகையில் அதன் மாணவர்தான்.

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர் காஞ்சிப் பக்கம் படிக்கப் போனது, இதற்குச் சுமார் நான்கு நூற்றாண்டுகள் கழித்து.